கடைசி ஆள் வந்து சேரும் வரை

நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறு. பொழுது விடிய இன்னும் நேரம் இருக்கிறது. நியூயார்க் நகரின் தென்கோடியில் உள்ள படகுத்துறையில் அதற்குள் கூட்டம் நெரிகிறது. ஸ்டேட்டன் தீவுக்குப் போகும் படகில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் பழைய கம்பளிச் சட்டை, சாயம் போன குளிர்கோட்டு, குளித்துவிட்டுப் போர்த்திக்கொள்ளும் துவாலை அங்கி என்று வீட்டில் கழித்துக்கட்டியதை எல்லாம் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். நியூயார்க் மாரத்தானில் ஓடப்போகிறவர்கள் இவர்கள். தீவில் உள்ள வாட்ஸ்வொர்த் கோட்டை மைதானத்தில் சில மணி நேரம் குளிரில் காத்திருக்க வேண்டும். தங்கள் பிரிவுக்கு அழைப்பு வந்ததும் அந்தப் பழைய உடுப்புகளைக் கழற்றி அங்கேயே போட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். குவியும் துணிகளைப் பின்னால் வரும் தொண்டர்கள் அள்ளி மூட்டை கட்டி, இல்லாதவர்களுக்குக் கொடுக்க அனுப்பிவிடுகிறார்கள்.

அங்கே ஓடியவர்களிடம் அனுபவம் கேட்டால், 42.195 கிலோமீட்டரைச் சொல்வதற்கு முன்பு இந்தக் காத்திருப்பைத்தான் சொல்கிறார்கள். கழிப்பறைக்கு நீளும் வரிசை. அட்டைப் பெட்டியைக் கிழித்துப் புல்லில் விரித்து உட்காருவது. பக்கத்தில் இருப்பவர் எந்த நாட்டுக்காரர் என்றே தெரியாமல், சைகையாலேயே நேரம் கேட்பது. வாழைப்பழத்தை இப்போதே தின்பதா, பிறகு தின்பதா என்ற குழப்பம். பிறகு பீரங்கி முழங்குகிறது. ஃபிராங்க் சினாட்ராவின் நியூயார்க் பாட்டு ஒலிபெருக்கியில் எழுகிறது. கூட்டம் வெர்ரஸானோ பாலத்தில் ஏறுகிறது.

2019-ல் இந்தப் பாலத்தில் தொடங்கி எல்லைக்கோட்டைத் தொட்டவர்கள் 53,627 பேர். அதுவரை உலகில் எந்த மாரத்தானிலும் இத்தனை பேர் ஓடி முடித்ததில்லை. இவ்வளவு பெரிய நகரம் ஒரு நாள் முழுக்கத் தன் சாலைகளை ஓட்டக்காரர்களிடம் ஒப்படைக்கிறது என்றால் அது ஒரே நாளில் நடந்துவிடவில்லை. ‘எனக்கும் இந்தச் சாலையில் இடம் உண்டு’ என்று ஒவ்வொரு தரப்பினரும் கேட்டுக் கேட்டு வாங்கிய இடம் அது. நியூயார்க் மாரத்தானின் வரலாறு என்று எதையாவது சொல்வதானால் இதைத்தான் சொல்ல வேண்டும். யார் எத்தனை மணி நேரத்தில் வந்தார் என்ற பட்டியல் எனக்கு இரண்டாம்பட்சம்தான்.

ஒரு டாலர் பந்தயம்

முதல் போட்டி 1970 செப்டம்பர் 13 அன்று நடந்தது. பெயர் கொடுத்தவர்கள் 127 பேர், கட்டணம் ஒரு டாலர். நகரச் சாலையில் ஓட்டம் நடக்கவில்லை. சென்ட்ரல் பார்க் பூங்காவுக்குள்ளேயே நான்கு சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடி தூரத்தைக் கணக்குப் பண்ணினார்கள். நல்ல வெயில். 55 பேர்தான் முடித்தார்கள். வென்றவர் கேரி மர்க்கி, தீயணைப்பு வீரர். முந்தைய இரவு முழுக்கப் பணியில் இருந்துவிட்டு வந்து ஓடியவர்.

போட்டியை நடத்தியவர்களில் ஒருவரும் அன்று ஓடினார். 45-வது இடம், 4 மணி 12 நிமிடம். அவர் பெயர் ஃபிரெட் லெபோ. ருமேனியாவின் ஆராத் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்து, போருக்குப் பிறகு ஊரை விட்டு வெளியேறி, எங்கெங்கோ அலைந்து நியூயார்க்கில் ஆயத்த ஆடைத் தொழிலில் காலூன்றியவர். ஓட்டத்தில் பெரிய சூரர் இல்லை. ஆனால் ஓட்டம் என்றால் ஊரையே கூட்டிவிடுகிற ஆள். இந்தப் பூங்கா ஓட்டத்தை உலகப் போட்டியாக வளர்த்ததில் பெரும்பங்கு அவருடையது.

அந்த முதல் ஆண்டில் ஓடிய ஒரே பெண் நினா குசிக். உடம்புக்கு முடியாமல் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் ஓட வந்தபோது நடந்ததுதான் இந்தப் போட்டியின் மிகப் பெரிய சம்பவம் என்பேன்.

அந்தக் காலத்தில் பெண்கள் நெடுந்தூரம் ஓடினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று படித்தவர்களே நம்பினார்கள். 1967-ல் பாஸ்டன் மாரத்தானில் கேத்ரின் ஸ்விட்சர் ஓடிக்கொண்டிருந்தபோது போட்டி அதிகாரி ஒருவர் பாய்ந்து வந்து அவருடைய எண் அட்டையைப் பிடுங்கப் பார்த்த புகைப்படம் உலகப் பிரசித்தம். 1972-ல் அமெரிக்க அமெச்சூர் தடகளச் சங்கம் கொஞ்சம் இறங்கி வந்தது. பெண்கள் ஓடலாம், ஆனால் ஆண்களோடு சேர்ந்து புறப்படக் கூடாது. பத்து நிமிடம் முன்னதாகத் தனியே புறப்பட வேண்டும் என்றது.

நியூயார்க்கில் பெண்களுக்கான துப்பாக்கி வெடித்தது. ஆறு பெண்கள் கோட்டில் நின்றிருந்தார்கள். ஒருவரும் ஓடவில்லை. ஆறு பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த விதியைக் கண்டிக்கும் அட்டைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பத்து நிமிடமும் அசையவில்லை. சுற்றி கேமராக்கள். ஆண்களுக்கான துப்பாக்கி வெடித்ததும் எழுந்து, அவர்களோடு சேர்ந்தே ஓடினார்கள். தண்டனையாக ஆறு பேரின் நேரத்திலும் பத்து நிமிடத்தைக் கூட்டினார்கள். பின்னர் அதை நீக்கவும் வேண்டிவந்தது. அன்று பெண்களில் முதலில் வந்தவர் நினா குசிக். ஸ்விட்சரும் 1974-ல் இதே நியூயார்க்கில் வென்றார். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வந்து சேர 1984 வரை ஆனது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே ஒரு பூங்காவின் ஓரத்தில் ஆறு பேர் உட்கார்ந்து வழக்கைத் தொடங்கிவைத்துவிட்டார்கள்.

ஐந்து வட்டாரம், ஐந்து பாலம்

1975-ல் நியூயார்க் மாநகராட்சி திவாலாகும் நிலைக்கு வந்துவிட்டது. தெருவில் இறங்கவே ஜனங்கள் பயந்த நேரம். மறு ஆண்டு அமெரிக்காவின் இருநூறாவது ஆண்டு விழா. நகரின் ஐந்து வட்டாரங்களையும் தொட்டு ஓடினால் என்ன என்ற யோசனையைக் கிளப்பியவர் ஜார்ஜ் ஸ்பிட்ஸ் என்பவர். இது நடக்கிற காரியமா என்று லெபோவே தயங்கினார். மன்ஹாட்டன் வட்டாரத் தலைவராக இருந்த பெர்சி சட்டன் பின்னால் நின்றார். ருடின் குடும்பத்தார் 25,000 டாலர் கொடுத்தார்கள். 1976 அக்டோபரில் 2,090 பேர் பெயர் கொடுத்து ஓடினார்கள். பில் ராட்ஜர்ஸ் 2 மணி 10 நிமிடம் 10 விநாடியில் வென்றார். வென்றவர் திரும்பிப் போய்ப் பார்த்தால் நிறுத்தியிருந்த காரைப் போலீஸ் இழுத்துக்கொண்டு போயிருந்தது!

அன்றைய கூட்டத்தில் டிக் டிராம் என்பவரும் இருந்தார். இளம் வயதில் பெட்ரோல் பங்க்கில் நின்றிருந்தபோது கார் மோதி, வலது காலை முழங்காலுக்கு மேல் இழந்தவர். மற்றவர்களுக்கு முன்பே புறப்பட்டு, செயற்கைக் காலோடு ஏழே கால் மணி நேரத்துக்கு மேல் ஓடியும் நடந்தும் முடித்தார். கால் இழந்த ஒருவர் மாரத்தான் முடித்தது அதுவே முதல் முறை என்று சொல்கிறார்கள். அந்தச் செய்தி ஒரு பத்திரிகைக் கட்டுரையாகி, கனடாவில் புற்றுநோயால் காலை இழக்கவிருந்த பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் கைக்கு அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு போய்ச் சேர்ந்தது. அவன்தான் டெர்ரி ஃபாக்ஸ். 1980-ல் ஒற்றைக் காலும் செயற்கைக் காலுமாக 143 நாட்கள், 5,373 கிலோமீட்டர் ஓடி, மறு ஆண்டு 22 வயதில் மறைந்தவன். சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் நடந்த டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டத்தில் குடும்பத்தோடு போய் ஓடிய வாசகர்கள் பலர் இருப்பீர்கள். நூல் பிடித்துக்கொண்டு போனால் அது டிக் டிராமிடம் போய் நிற்கும்.

டிராம் அத்தோடு விடவில்லை. 1983-ல் மாற்றுத்திறனாளிகளுக்காக அக்கிலிஸ் என்ற ஓட்டக் கழகத்தைத் தொடங்கினார். பார்வையற்ற ஒருவர் கையில் ஒரு முனையும், துணைக்கு ஓடுபவர் கையில் மறு முனையுமாகச் சின்னக் கயிறு. ‘இடது பக்கம் பள்ளம்’, ‘இப்போது ஏற்றம்’ என்று சொல்லிக்கொண்டே ஓடுவார்கள். இன்றும் நியூயார்க் சாலையில் இந்தக் கயிறுகளைப் பார்க்கலாம்.

எல்லோருக்கும் கதவு ஒரே நேரத்தில் திறந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சக்கர நாற்காலியில் வருகிறவர்களைச் சேர்க்க லெபோவே மறுத்தார். நெரிசலில் ஆபத்து என்றார். வழக்கு, புகார் என்று இழுத்தது. சக்கர நாற்காலிக்கு அதிகாரபூர்வமான தனிப் பிரிவு வந்தது 2000-ல்தான். பெண்களுக்குத் திறந்த கதவை இவர்களுக்கு அத்தனை காலம் சாத்தியே வைத்திருந்தது நியாயமில்லை.

உடம்பு பேசும் இடங்கள்

முதல் மைல் முழுக்க வெர்ரஸானோ பாலத்தின் ஏற்றம். உற்சாகத்தில் அது ஏற்றமாகவே தெரியாது. பாலம் இறங்கினால் புரூக்ளின் நான்காவது அவென்யூ, இரண்டு பக்கமும் ஜன வெள்ளம். அங்கிருந்து திரும்பினால் லஃபாயெட் அவென்யூவில் பிஷப் லாஃப்லின் பள்ளிப் பிள்ளைகள் ‘ராக்கி’ படத்தின் இசையைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். முதல் ஆள் போகும்போது தொடங்கி மணிக்கணக்கில் அதே இசை. பெட்ஃபோர்ட் அவென்யூவில் யூதர்களின் ஹஸிடிக் பிரிவினர் வாழும் பகுதி வந்ததும் சத்தம் சட்டென்று அடங்கிவிடும். கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக ஆண்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். தன் மூச்சுச் சத்தம் முதல் முறையாகத் தன் காதில் விழுவது அங்கேதான் என்று ஓடியவர்கள் சொல்வார்கள்.

புலாஸ்கி பாலத்தில் பாதி தூரம் முடிகிறது. அடுத்து குயின்ஸ்பரோ பாலம். பார்வையாளர்களுக்கு அங்கே இடமில்லை. ஆயிரக்கணக்கான காலணிகள் தரையில் பதியும் ஓசை மட்டும் கேட்கும். அந்தப் பாலத்தை விட்டு இறங்கி மன்ஹாட்டன் முதல் அவென்யூவில் திரும்பியதும் ஒரு பேரிரைச்சல் வந்து முகத்தில் அறையும். புதிதாக ஓடுகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். கைதட்டலில் மயங்கி வேகத்தைக் கூட்டிவிடுவார்கள். அதற்கான வட்டியைக் கொஞ்ச தூரத்தில் கட்ட வேண்டும்.

நம் தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து சேமிப்பாக இருக்கிறது. மொத்தம் சுமார் 2,000 கலோரி. ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 65 கிலோ எடை உள்ளவருக்குக் கணக்குப் போட்டால் முப்பது கிலோமீட்டர் சுமாருக்குச் சேமிப்பு தீர்ந்துவிடும். அதற்கு மேல் உடம்பு கொழுப்பை எரிக்க வேண்டும். அது மெதுவான அடுப்பு. கால் கல்லாகிவிடும், கூட்டல் கழித்தல்கூட மறந்துபோகும், காரணம் இல்லாமல் அழுகை வரும். ஓட்டக்காரர்கள் இதைச் ‘சுவரில் மோதுவது’ என்பார்கள். நியூயார்க்கில் அந்தச் சுவர் பிராங்க்ஸ் வட்டாரத்தில், இருபதாவது மைலில் நிற்கிறது. அதைத் தாண்டி ஐந்தாவது அவென்யூவில் நீளமான ஏற்றம் ஒன்று. வரைபடத்தில் பார்த்தால் ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும். 35-வது கிலோமீட்டருக்கு மேல் அதில் ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

இதை அனுபவித்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் நார்வே நாட்டுப் பள்ளி ஆசிரியை கிரேட்டே வைட்ஸ். தடகள மைதானத்தில் 3,000 மீட்டர் ஓடிப் பெயர் வாங்கியவர். 1978-ல் கணவர் ஜாக்தான், நியூயார்க்கைச் சுற்றிப் பார்த்ததாகவும் இருக்கும், இந்த மாரத்தானில் ஓடு என்று வற்புறுத்தினார். லெபோ அவரை அழைத்ததே மற்ற பெண்களுக்கு ஆரம்பத்தில் வேகம் கூட்டிவிடத்தான். அவர் முடிப்பார் என்றே எதிர்பார்க்கவில்லை. வாழ்நாளில் அதுவரை ஒரே மூச்சில் அவர் ஓடிய அதிகபட்ச தூரம் சுமார் 20 கிலோமீட்டர். முந்தைய இரவு கணவனும் மனைவியும் இறால், மாட்டிறைச்சி, சிவப்பு ஒயின், ஐஸ்கிரீம் என்று விருந்து சாப்பிட்டார்கள். மாரத்தானுக்கு முந்தைய இரவு யாரும் செய்யாத காரியம்!

சாலையில் மைல் கணக்கில் பலகை. அவருக்குத் தெரிந்ததோ கிலோமீட்டர். இன்னும் எவ்வளவு பாக்கி என்றே தெரியாமல், தொடை பிடித்துக்கொள்ள, மரத்தைக் கண்ட இடமெல்லாம் ‘இதுதான் பூங்காவோ’ என்று ஏமாந்துகொண்டே ஓடினார். எல்லைக்கோட்டைத் தொட்டபோது 2 மணி 32 நிமிடம் 30 விநாடி. அதுவரை இருந்த உலகச் சாதனை இரண்டு நிமிடத்துக்கு மேல் உடைந்திருந்தது. 1173 என்ற எண் அணிந்த இந்தப் பெண் யார் என்று அங்கிருந்தவர்களுக்கே தெரியவில்லை. அவரோ காலணியைக் கழற்றிக் கணவர் மேல் எறிந்து, இனி ஜென்மத்துக்கும் இந்த வேலை வேண்டாம் என்று கோபித்தார். பிறகு அதே போட்டியில் இன்னும் எட்டு முறை வென்றார். மொத்தம் ஒன்பது. ஓடி வென்றவர்களில் இன்றுவரை யாரும் அந்த எண்ணிக்கையை நெருங்கவில்லை.

பின்னால் வருகிறவர்கள்

வெற்றிக் கோட்டில் காலை பதினோரு மணி சுமாருக்கு மாலை போட்டு முடிந்துவிடும். அதற்குப் பிறகு வெகுநேரம் வரை ஜனங்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். 1986-ல் பாப் வீலண்ட் வந்தார். வியட்நாம் போரில் இரண்டு கால்களையும் இழந்தவர். கைகளை ஊன்றி ஊன்றி உடம்பைத் தூக்கி வைத்தே முழுத் தூரத்தையும் கடந்தார். நான்கு நாட்களுக்கு மேல் ஆனது. ஸோயி கோப்லோவிட்ஸ், நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளெரோஸிஸ் நோயோடு இரண்டு ஊன்றுகோல்களைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கு ஆண்டு வந்தார். முடிக்க ஒரு பகலும் ஓர் இரவும் பிடிக்கும். அவருக்காக எல்லைக்கோட்டில் காத்திருந்து வரவேற்றவர் யார் தெரியுமா? ஒன்பது முறை வென்ற அதே கிரேட்டே வைட்ஸ்.

2003-ல் 92 வயதில், பஞ்சாபில் பிறந்த ஃபவுஜா சிங்கும் இந்தச் சாலையில் ஏழரை மணி நேரம் நடந்தும் ஓடியும் முடித்திருக்கிறார்.

லெபோவுக்கு 1990-ல் மூளையில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஐந்து வட்டாரங்களையும் இணைத்து ஊரையே ஓடவைத்தவர், நடத்துகிற வேலையிலேயே மூழ்கி அந்தப் பாதையில் ஒரு முறைகூட ஓடியதில்லை. 1992-ல், அறுபதாவது வயதில், ஓடுவது என்று முடிவு செய்தார். உடன் ஓட வைட்ஸ் வந்தார். இரண்டரை மணி நேரத்தில் முடித்துப் பழகியவர், நண்பருக்காக அடிக்கு அடி வேகத்தைக் குறைத்து, ஐந்தரை மணி நேரம் பக்கத்திலேயே வந்தார். 5 மணி 32 நிமிடம் 34 விநாடி. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபடியே கோட்டைக் கடந்தார்கள். 1994 அக்டோபரில், அந்த ஆண்டுப் போட்டிக்குச் சில வாரங்கள் முன்பு லெபோ இறந்துபோனார். கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கும் அவரது வெண்கலச் சிலை சென்ட்ரல் பார்க்கில் இருக்கிறது. ஒவ்வொரு நவம்பரிலும் அதைப் பெயர்த்து எல்லைக்கோட்டுக்கு அருகே கொண்டுவந்து வைக்கிறார்கள். வைட்ஸும் புற்றுநோயால் 2011-ல் மறைந்தார்.

சாலை கேட்டு வாங்கியவர்கள் அதைத் திருப்பிக் கொடுத்த ஆண்டும் ஒன்று உண்டு. 2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியது. ஓட்டம் தொடங்கும் ஸ்டேட்டன் தீவிலேயே பல உயிர்கள் போயின. வீடுகள் கடலோடு போயின. போட்டி நடக்கும் என்று மேயர் புளூம்பெர்க் முதலில் அறிவித்தார். மின்சாரம் இல்லாமல் ஊர் இருட்டில் கிடக்கும்போது பூங்காவில் ஓட்டத்துக்காக ஜெனரேட்டர்களா என்று ஜனங்கள் கொதித்தார்கள். நியாயமான கோபம். வெள்ளிக்கிழமை, போட்டிக்கு இரண்டே நாள் முன்பு, ரத்து என்று அறிவித்தார்கள். உலகின் எங்கெங்கிருந்தோ விமானம் ஏறி வந்து இறங்கியிருந்தார்கள் ஓட்டக்காரர்கள். மாதக்கணக்கான பயிற்சி வீண். ஞாயிறு காலை அவர்களில் நூற்றுக்கணக்கானவர்கள் அதே படகில் ஏறினார்கள். ஓட்டச் சட்டைதான் போட்டிருந்தார்கள். முதுகுப் பைகளில் போர்வை, குழந்தைகளுக்கான துணி, டார்ச் விளக்குக்கான பேட்டரி, சாப்பாடு. ஸ்டேட்டன் தீவுத் தெருக்களில் அவற்றைச் சுமந்து ஓடி, வீடு வீடாகக் கொடுத்து, நனைந்துபோன சாமான்களை வெளியே இழுத்துப் போடவும் கைகொடுத்தார்கள். பதக்கமும் இல்லை, நேரக் கணக்கும் இல்லை. இந்தப் போட்டி நடந்த ஆண்டுகளைவிட, நடக்காத அந்த ஆண்டுதான் இவர்கள் யார் என்பதை நன்றாகக் காட்டியது என்பது என் கருத்து.

சென்னை, கோவை, மதுரை என்று நம் ஊர்களிலும் மாரத்தான்கள் பெருகிவிட்டன. வெயில் ஏறும் முன் முடித்தாக வேண்டும், போக்குவரத்தைத் திறந்துவிட்டாக வேண்டும் என்ற நெருக்கடி நடத்துகிறவர்களுக்கு இருக்கிறது. புரிகிறது. ஆனாலும் தண்ணீர் மேசைகளையும் முதலுதவிக்காரர்களையும் கடைசி ஆள் தாண்டும் வரை எடுத்துவிடாதீர்கள். பதக்கங்களை எண்ணி வாங்கும்போது பின்னால் வருகிறவர்களையும் சேர்த்தே எண்ணுங்கள். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை உங்கள் தெரு வழியாக ஓட்டம் போனால், முன்னணி ஆட்கள் போனதும் உள்ளே போய்விடாதீர்கள். இன்னும் ஒரு மணி நேரம் வாசலில் நின்று, மெதுவாக வருகிறவர்களுக்கும் கை தட்டுங்கள்.